"சார், அந்த வீடியோவை எடுத்துடுங்க"

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். திரும்பத் திரும்ப வந்த சொற்களும் சில இடைவெளிகளும் நீக்கப்பட்டுள்ளன. பேச்சுநடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)

இன்னைக்கு விருந்தினர் யாரும் இல்லை. நான் மட்டும்தான் பேசப்போகிறேன்.

போன இரண்டு எபிசோடுகளுக்குப் பிறகு வந்த மெயில்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "விஸ்காம் முடிச்சிருக்கேன், தொண்டு நிறுவனங்களுக்கு, சமூக நீதி சார்ந்த வேலைகளுக்கு வீடியோ பண்ணணும்னு ஆசை. எப்படி ஆரம்பிக்கிறது? என்ன கேமரா வாங்குறது? எவ்வளவு பணம் கேட்கிறது?" பதில் சொல்றேன், ஆனால் கடைசியில் சொல்றேன். அது ரொம்பச் சின்ன விஷயம். அதற்கு முன்னாடி எனக்கு வந்த ஒரு போன் பற்றிச் சொல்லணும். இதை நான் நண்பர்களிடம் சொல்லியிருக்கேன், மைக் முன்னாடி சொன்னதில்லை.

2022, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். தெரியாத நம்பர். எடுத்தால் ஒரு அம்மா. "சார், நல்லாருக்கீங்களா? திண்டிவனம் பக்கத்துல, சூளையில இருந்து வந்தோமே, நீங்க வந்து படம் புடிச்சீங்களே" என்றாங்க. எனக்கு உடனே முகம் ஞாபகம் வந்துவிட்டது. அந்த முகத்தை எடிட் டேபிளில் நான் நூறு முறையாவது பார்த்திருப்பேன். "சொல்லுங்கம்மா" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "சார், அந்த வீடியோவை எடுத்துடுங்க சார்" என்றாங்க.

எனக்கு முதலில் புரியவே இல்லை. நம்ம தமிழில் இந்த 'எடு' இருக்கே, அது இரண்டு பக்கமும் வெட்டும். இன்னொரு வீடியோ எடுக்கச் சொல்றாங்கன்னு நினைச்சேன். "எந்த வீடியோம்மா, புதுசா எதாவது பிரச்சினையா" என்று கேட்டேன். "இல்ல சார். இருக்கிறதை எடுத்துடுங்க. பாப்பா பள்ளிக்கூடம் போவமாட்டேங்குது."

என்ன நடந்ததுன்னா, பாப்பாவுக்கு அப்போ பதினோரு வயது. ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊர் பள்ளிக்கூடத்தில் புதுசாகச் சேர்ந்திருக்கு. கூடப் படிக்கிற ஒரு பையனுடைய அண்ணன் போனில் ஒரு வீடியோ. அதில் இந்த அம்மா அழறாங்க. பின்னாடி ஏழு வயதுப் பெண் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்குது. அவ்வளவுதான். "உங்க அம்மா அழுவுற மாதிரி அழுது காட்டு" என்று நாலு பேர் கேட்டால் போதும், இல்லையா?

அந்த வீடியோ நான் எடுத்தது.

பின்கதை கொஞ்சம் சொல்றேன். நான் இந்த வேலைக்கு வருவதற்கு முன்னாடி விழுப்புரத்தில் கல்யாண வீடியோ எடுத்துக்கிட்டிருந்தவன். தெரிஞ்ச ஒருத்தர் மூலமா ஒரு அமைப்புக்கு ஆண்டறிக்கைக்கான வீடியோ பண்ணிக் கொடுத்தேன், அது பிடித்துப்போய் அடுத்தடுத்து வேலை வந்தது. குடிநீர், சுயஉதவிக் குழு, கடலோரக் கிராமங்கள், கொத்தடிமை மீட்பு. 2018-ல் ஒரு நிறுவனம் கூப்பிட்டது. பெயர் வேண்டாம். செங்கல் சூளையிலிருந்து மீட்கப்பட்ட ஒரு இருளர் குடும்பத்தைப் பற்றி மூணு நிமிஷ வீடியோ. அவர்கள் கொடுத்த குறிப்பில் ஒரு வரி: "எமோஷனலாக இருக்கணும், முதல் பத்து விநாடியில் பார்க்கிறவரை நிறுத்தணும்."

போனேன். நாள் முழுக்க எடுத்தேன், நாலு மணி நேரத்துக்கு ரஷ். களப்பணியாளர் ஒருவர் கூட இருந்தார். ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் ஒரு பக்கம். "படம் எடுக்கச் சம்மதம்னு எழுதியிருக்குமா" என்று அவர் சொன்னார், அந்த அம்மா கைநாட்டு வைத்தாங்க. படிவத்தில் உண்மையில் என்ன இருந்தது தெரியுமா? உலகம் முழுவதும், எந்த ஊடகத்திலும், காலவரம்பு இல்லாமல் பயன்படுத்தலாம் என்று இருந்தது. நானே அதை நாலு வருஷம் கழித்துத்தான் முழுசாகப் படித்தேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கு.

போன் வந்த மறுநாள் நிறுவனத்துக்குப் பேசினேன். மக்கள் தொடர்பில் இருந்தவர் நல்ல மனிதர், வருத்தப்பட்டார். ஆனால் அந்த வீடியோ நிதி கொடுத்தவர்களுக்குப் போன அறிக்கையில் இருக்கு, தலைமை அலுவலகத்தில் கேட்கணும், படிவத்தில் கையெழுத்து இருக்கே என்று இழுத்தது. யூடியூபிலிருந்து எடுக்க மூணு வாரம் ஆச்சு. எடுத்த பிறகும் பாப்பா பள்ளிக்கூடம் போகலை. ஏன்னா அந்தப் பையன் போனில் இருந்தது நிறுவனத்தின் வீடியோவே இல்லை. வேற ஒரு சேனல் அதை அப்படியே உருவி, சோகப் பாட்டு போட்டு, தலைப்பை மாற்றிப் போட்டிருந்தது. அதிலிருந்து வெட்டின ஒரு நிமிஷத் துண்டுதான் வாட்ஸ்ஆப்பில் சுற்றியது.

சரி, அந்தச் சேனல் மீது காப்புரிமைப் புகார் கொடுக்கலாம்னு உட்கார்ந்தேன். அங்கே எனக்கு இரண்டாவது பாடம். படம் எடுத்தவன் நான், எடிட் பண்ணியவன் நான். ஆனால் உரிமை எனக்கு இல்லை. நம்ம நாட்டுச் சட்டப்படி ஒருவர் காசு கொடுத்துச் சொல்லி எடுக்க வைத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவர்தான் முதல் உரிமையாளர். 1957 காப்புரிமைச் சட்டத்திலேயே இருக்கு. அதனால் புகார் கொடுக்க வேண்டியது நிறுவனம். யூடியூபில் தனியுரிமைப் புகார் என்று இன்னொரு வழி உண்டு. ஆனால் அதைப் பொதுவாக வீடியோவில் இருக்கிறவரே கொடுக்கணும். இந்த இடம் இந்த நேரத்தில் என் முகம் தெரியுது என்று குறித்து, அவங்க பெயரில். அந்த அம்மாவிடம் இருந்தது பட்டன் போன். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவங்களுக்காக ஒரு மெயில் முகவரி உருவாக்கி, அவங்க சொல்லச் சொல்ல நிரப்பினேன். ஒரு பக்கம் நிறுவனத்தின் புகார், ஒரு பக்கம் இது. இரண்டில் எது வேலை செய்ததுன்னு தெரியாது, அந்தச் சேனலில் இருந்து வீடியோ போனது. வாட்ஸ்ஆப்பில் போனது போனதுதான். அதை யாராலும் கூட்டிப் பெருக்கி அள்ள முடியாது.

கல்யாண வீடியோ எடுத்த காலத்தை அந்த வாரம் முழுக்க நினைச்சுக்கிட்டிருந்தேன். அந்த வேலையை நாம் எவ்வளவு கேலி பண்ணியிருக்கோம்! ஆனால் கல்யாண வீடியோவில் ஒரு ஒழுங்கு இருந்தது. எடிட் முடிஞ்சதும் பெண் வீட்டார் வருவாங்க. மொத்தமும் ஓட்டிக் காட்டுவோம். "இந்த இடத்துல சித்தப்பா சண்டை போடுறது தெரியுது, தூக்கிடுங்க" என்பாங்க. "பொண்ணு இதுல குண்டா தெரியுது" என்பாங்க. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் தூக்குவோம். ஏன்? படத்தில் இருக்கிறவங்களும், பார்க்கிறவங்களும், காசு கொடுக்கிறவங்களும் ஒரே ஆள். தொண்டு நிறுவன வீடியோவில் அப்படி இல்லை. படத்தில் இருக்கிறது ஒருத்தர், காசு கொடுக்கிறது இன்னொருத்தர், பார்க்கப்போறது எங்கேயோ இருக்கிற மூணாவது ஆள். நடுவில் நாம் இருக்கோம். நமக்குக் காசு வருகிற திசையை நோக்கித்தான் கேமராவும் தானாகத் திரும்புது. கெட்ட எண்ணத்தில் இல்லை. நாங்கள் யாருமே கெட்டவர்கள் இல்லை. அதுதான் சிக்கல்.

அந்த நாலு மணி நேர ரஷ்ஷை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். நல்லவேளை, ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. பார்த்துவிட்டு அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

அந்த அம்மா நாலு மணி நேரத்தில் அழுதது நாற்பது விநாடி. மீதி நேரம் பூரா என்ன பண்றாங்க தெரியுமா? கணக்குச் சொல்றாங்க. ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து மண் மிதிச்சு, விடியறதுக்குள்ள எத்தனை கல் அறுப்போம். மேஸ்திரி ஆயிரம்னு எழுதணும்னா நாங்க ஆயிரத்து நூறு அறுக்கணும், ஏன்னா நூறு உடைசல்னு அவனே முன்கூட்டிக் கழிச்சிடுவான். பச்சைக்கல் மேல மழை பேஞ்சு கரைஞ்சா அந்தக் கல்லுக்குக் கணக்கே கிடையாது, ஆனா அதை அள்ளித் திரும்ப மிதிக்கிற வேலை எங்களோடது. வாரச் செலவுக்குக் கொடுக்கிற காசு முன்பணத்தோட சேரும். முன்பணம் எவ்வளவுன்னு அவன் நோட்டுல இருக்கும், எங்க கையில ஒண்ணும் இருக்காது. எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மா மூணு சீசனுக்கான கணக்கைத் தலையிலேயே வைத்திருந்தாங்க. எந்த வாரம் எவ்வளவு வாங்கினோம், எந்த வாரம் மழை, எந்த வாரம் புருஷனுக்குக் காய்ச்சல். கேட்கக் கேட்க ஒரு ஆடிட்டர் பேசுற மாதிரி இருந்தது. அப்புறம் ஒரு இடத்தில் தன் மாமியார் செத்ததுக்குப் போக விடாததைச் சொல்லும்போது குரல் உடையுது. நாற்பது விநாடி.

நான் அந்த நாற்பதை வைத்துக்கிட்டு மிச்சத்தைத் தூக்கிப் போட்டிருக்கேன். அதுவும் அந்த நாற்பதை முதல் பத்து விநாடிக்குள் கொண்டுவந்து, கீழே பியானோ போட்டு. பார்த்தவங்க ஒரு பாவப்பட்ட பொம்பளையைப் பார்த்தாங்க. ஒருத்தன் எப்படி ஏமாற்றினான், எந்த இடத்தில் கணக்கு திருடப்பட்டது என்பது யாருக்கும் தெரியாமலே போச்சு. வீடியோ யாரை எதிர்த்து எடுக்கப்பட்டதோ அவனுக்கு அதில் ஒரு கீறல்கூட விழலை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. "மொதல்ல ரெண்டு வருசம் வேற சூளையில. அப்புறம் இங்க மூணு சீசன்" என்று அவங்க சொல்றாங்க. நேரம் சேமிக்க நான் அதை வெட்டி ஒட்டினதில், அஞ்சு வருஷமும் ஒரே சூளையில் இருந்த மாதிரி வந்திருக்கு. இதை ஒரு வக்கீல் நண்பரிடம் காட்டினேன். "வழக்கு நடந்துக்கிட்டிருக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "கோட்டாட்சியர்கிட்ட கொடுத்த வாக்குமூலத்தில் மூணு, வீடியோவில் அஞ்சு. எதிர்த்தரப்பு வக்கீல் கையில் இது கிடைச்சா, எது பொய்னுதான் முதல் கேள்வி கேட்பான்" என்றார். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்தாச்சு. ஆனால் ஒரு வழக்கு தீர்ப்புவரை போய் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று இந்த வேலையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். அதில் நான் ஒரு ஜம்ப் கட் வைத்து ஓட்டை போட்டிருக்கேன்.

பாப்பா விஷயத்திலும் சட்டம் இருக்கு. 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு, குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தை, சாட்சியான குழந்தை, பாதுகாப்பு தேவைப்படுகிற குழந்தை, இவர்களுடைய பெயர், முகவரி, பள்ளிக்கூடம், படம் எதையும் அடையாளம் தெரிகிற மாதிரி வெளியிடக்கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பாலியல் குற்ற வழக்குகளில் போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு தனி. எனக்கு 2018-ல் இது எதுவும் தெரியாது. பாப்பா பின்னணியில் அழகாக நின்றது, ஃபோகஸ் மாற்றி அதன்மேல் போனேன், அவ்வளவுதான். நல்ல ஷாட் என்று பாராட்டுகூட வாங்கினேன்.

இதற்குப் பிறகு கொஞ்ச நாள் வேலை எதுவும் எடுக்காமல், இதே வேலையை மற்றவர்கள் எப்படிச் செய்திருக்காங்கன்னு தேட ஆரம்பித்தேன். இரண்டு இடம் என்னைப் பிடித்து உட்கார வைத்தது.

ஒன்று கனடா. நியூஃபவுண்ட்லாந்து பக்கத்தில் ஃபோகோ என்று ஒரு தீவு, மீனவர்கள். அறுபதுகளில் அரசாங்கம் இந்த மாதிரிச் சின்னச் சின்ன ஊர்க்காரர்களைக் காலி பண்ணி வேறு இடங்களில் குடியமர்த்திக்கொண்டு இருந்தது. 1967-ல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்திலிருந்து காலின் லோ என்கிற இயக்குநர் அங்கே போகிறார். வழக்கமான ஆவணப்படம் எடுக்காமல், ஒரு ஆள் அல்லது ஒரு விஷயத்துக்கு ஒரு குட்டிப் படம் என்று இருபதுக்கும் மேல் எடுக்கிறார். எடுத்ததை முதலில் காட்டினது யாருக்கு? படத்தில் இருந்தவர்களுக்கு. அவர்கள் வேண்டாம் என்று சொன்னால் அந்த இடம் போகும். பிறகு ஊருக்குக் காட்டுறாங்க. தீவில் பத்து ஊர், ஒரு ஊருக்கு இன்னொரு ஊரோடு பேச்சில்லை. படம் பார்த்தபோதுதான் நம்ம பிரச்சினைதான் அவங்களுக்கும் என்று தெரியுது. அதற்கப்புறம்தான் அமைச்சர்களுக்கு. அதோடு விடலை. அமைச்சர் சொன்ன பதிலையும் படம் பிடித்துக்கொண்டு வந்து தீவில் போட்டுக் காட்டினார்கள். தீவுக்காரர்கள் காலி பண்ணவில்லை, கூட்டுறவு சங்கம் அமைத்து அங்கேயே இருந்தார்கள். படத்தால்தான் என்று சொல்ல மாட்டேன், அவர்கள் ஏற்கெனவே ஒன்றுசேர ஆரம்பித்திருந்தார்கள். ஆனால் படம் அவர்களுக்கு இடையில் ஓடியது. அவர்களைத் தாண்டி எங்கேயோ நன்கொடையாளர் வீட்டு ஹாலுக்குப் போகலை.

இரண்டாவது நமக்குப் பக்கத்திலேயே இருக்கு. தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் பஸ்தாப்பூர். தக்காண வளர்ச்சிச் சங்கத்தில் இருக்கிற தலித் பெண்கள், பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிகள். தொண்ணூறுகளின் கடைசியில் அவர்கள் கையில் கேமரா கொடுத்துக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த அமைப்பை நடத்திய பி. வி. சதீஷ் முன்னாடி தூர்தர்ஷனில் தயாரிப்பாளராக இருந்தவர். நமக்கு எல்லாம் லோ ஆங்கிள், ஹை ஆங்கிள், ஐ லெவல் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் வேற பெயர் வைத்தார்கள். மேலேயிருந்து கீழே பார்த்தால் பட்டேல் ஷாட். ஊர்ப் பண்ணையார் அப்படித்தானே பார்ப்பார்? கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால் அடிமை ஷாட். நேருக்கு நேர் கண்மட்டத்தில் வைத்தால் சங்கம் ஷாட். சங்கத்தில் உட்காரும்போது எல்லாரும் சமமாக உட்கார்கிறோம், இல்லையா, அதனால். தங்கள் வேலைக்கு எந்த ஷாட் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை.

இதைப் படித்துவிட்டு என் வீடியோவைப் பார்த்தேன். அந்த அம்மா திண்ணையில் உட்கார்ந்திருக்காங்க, நான் நின்றுகொண்டே எடுத்திருக்கேன். முதுகு வலி என்று ட்ரைபாடைத் தாழ்த்தாமல் விட்டிருந்தேன். மொத்தமும் பட்டேல் ஷாட்.

இங்கே ஒன்றைச் சொல்லணும், இல்லாட்டி தப்பாகப் போய்விடும். அப்போ எல்லார் முகத்தையும் மறைச்சுடலாமா என்று கேட்பீங்க. நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் பண்ணினேன். யூடியூபிலேயே 2012-லிருந்து முகத்தை மங்கலாக்குகிற வசதி இருக்கு, எடிட்டில் இன்னும் சுலபம். ஒரு முறை மதுரையில் துப்புரவுத் தொழிலாளி ஒரு அக்காவிடம், "உங்க முகம் தெரியாம எடுக்கிறேன்" என்றேன், ஏதோ பெரிய உதவி பண்ற மாதிரி. அவங்க கேட்டாங்க: "ஏன் தம்பி? நான் என்ன தப்பு பண்ணேன்? சாக்கடைக்குள்ள இறங்கச் சொன்னவன் மூஞ்சிய மறைங்க. எம்மூஞ்சி நல்லாத் தெரியணும்." 2017-ல் திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' படம் ஞாபகம் இருக்கும். மலக்குழித் தொழிலாளர்கள் பற்றியது. பல ஊரில் திரையிட விடலை, யூடியூபில் போட்டபிறகுதான் பரவலாகப் பார்த்தார்கள். அந்தப் படத்தில் தொழிலாளர்கள் நம்மை நேராகப் பார்த்துப் பேசுவார்கள். அவர்கள் முகங்களை எல்லாம் மங்கலாக்கியிருந்தால் அந்தப் படத்தில் பாதி போயிருக்கும். மங்கலாக்கின முகம் டிவியில் யாருடையதுன்னு நமக்குப் பழக்கமாயிடுச்சு, பிடிபட்ட திருடனோடது. அதனால் மறைக்கிறதா காட்டுறதா என்பது நான் முடிவு பண்ற விஷயமே இல்லை. குழந்தைகள், பாலியல் வன்முறை என்றால் சட்டமே முடிவு பண்ணியாச்சு. மற்றபடி அவங்க முடிவு. ஆனால் அந்த முடிவை எடுக்க அவங்களுக்கு என்னென்ன தெரியணுமோ அதைச் சொல்றது என் வேலை.

இப்போ நான் எப்படிச் செய்றேன்னா, ஒப்புதலை எழுத்தில் வாங்குவதற்கு முன்னாடி போனை எடுத்துக் காட்டுவேன். "படம் புடிச்சுக்கவா" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவாங்க. நம்மை உட்காரவைத்து டீ கொடுத்தவர்கள் எப்படி வேண்டாம் என்பார்கள்? அதனால் வேற ஒருத்தருடைய வீடியோவை யூடியூபில் போட்டு, கீழே வருகிற கமென்ட்டைப் படித்துக் காட்டுவேன், கெட்ட கமென்ட்டையும் சேர்த்து. "இது உங்க மேஸ்திரி பார்ப்பான், உங்க சம்பந்தி வீட்டுல பார்ப்பாங்க, பாப்பா காலேஜ் போகும்போதும் இருக்கும்" என்று சொல்வேன். கேட்டுவிட்டு மறுநாள் வருவேன். முதல் நாள் சரி என்றவர்களில் சிலர் மறுநாள் வேண்டாம் என்றிருக்காங்க. ஒரு நிறுவனத்துக்கு இதனால் இரண்டு ஷூட்டிங் கான்சல் ஆச்சு. அவர்கள் என்னைத் திரும்பக் கூப்பிடலை.

பிறகு, முடிச்ச வீடியோவை முதலில் அவங்க வீட்டில் ஓட்டிக் காட்டணும். கல்யாண வீடியோ மாதிரி. இதற்கு ஒரு நாள் பயணச் செலவைக் கொட்டேஷனிலேயே தனி வரியாகப் போடுறேன், அதைக் கழிக்கச் சொன்னால் வேலை வேண்டாம் என்றிடுவேன். தமிழில் படிவம், அதில் ஒரு தேதி. இரண்டு வருஷம். அதற்கப்புறம் மறுபடி கேட்கணும், கிடைக்காவிட்டால் இறக்கணும். நடுவில் எப்போ வேண்டாம் என்றாலும் ஒரு போன் போதும், என் நம்பரையும் நிறுவனத்தின் நம்பரையும் ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டு வருவேன். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே சொல்லுது, சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ அதைத் திரும்ப வாங்குவதும் அவ்வளவு சுலபமாக இருக்கணும் என்று. அட்டை சரிதான், ஆனால் முக்கியமாக வருஷத்துக்கு ஒருமுறை நானே கூப்பிடுறேன். அவங்களாகக் கூப்பிட ரொம்பத் தயங்குவாங்க. அந்த அம்மாவே எனக்குப் போன் பண்ண ஒரு மாசம் யோசிச்சிருக்காங்க, "சார் கோச்சுக்குவீங்களோன்னு" என்று.

மறைக்கச் சொன்னால் முகத்தை மட்டும் மறைத்துவிட்டுத் திருப்தி ஆயிடாதீங்க. பள்ளிச் சீருடை போதும், எந்தப் பள்ளின்னு தெரிஞ்சுடும். வண்டி நம்பர், ஊர்ப் பெயர்ப் பலகை, சுவரில் மாட்டியிருக்கிற குடும்பப் படம். குரல். பக்கத்து ஊர்க்காரனுக்கு ஒரு கதவின் நிறம் போதும்.

அந்த அம்மா விஷயத்துக்கு வர்றேன். வீடியோவை எல்லாம் இறக்கின பிறகு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவங்க வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார்" என்றுதான் சொல்வாங்க, சொன்னாங்க. அப்புறம் மொத்த ரஷ்ஷையும் போட்டுக் காட்டினேன். அவங்க புருஷன், நாத்தனார், பக்கத்து வீட்டு ரெண்டு பேர் எல்லாம் உட்கார்ந்து பார்த்தாங்க. அழற இடம் வந்தபோது யாரும் எதுவும் சொல்லலை. ஆயிரத்துக்கு ஆயிரத்து நூறு கணக்கு வந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து, "எங்க சூளையில ஆயிரத்து நூத்தி அம்பது" என்றார். அங்கேயே பேச்சு ஆரம்பமாச்சு, ஒன்றரை மணி நேரம் போச்சு. அந்த அம்மாதான் சொன்னாங்க: "இதை மட்டும் வெட்டிக் குடுங்க சார். சீசனுக்கு முன்னால எங்க ஆளுங்களுக்குப் போட்டுக் காட்டுறோம்."

பதினோரு நிமிஷம். அவங்க கணக்கு மட்டும். பியானோ இல்லை. அவங்க முகம் இருக்கு, அவங்க கேட்டுக்கொண்டபடி. பாப்பா ஒரு ஃபிரேமில்கூட இல்லை. யூடியூபில் போடலை, தேடாதீங்க, கிடைக்காது. பென்டிரைவில் இருக்கு, குடியிருப்புகளில் கூட்டம் நடக்கும்போது ஓடுது. மொத்தமாக எத்தனை பேர் பார்த்திருப்பாங்கன்னு எனக்குத் தெரியாது, சில நூறு இருக்கலாம். முன்பணம் வாங்கும்போது தேதியும் தொகையும் தங்கள் பக்கமும் ஒரு நோட்டில் எழுதி வைக்க சில வீடுகளில் ஆரம்பிச்சிருக்காங்க, படிக்கிற பிள்ளைகள் எழுதிக் கொடுக்கிறார்கள். அந்த வீடியோவுக்கு எனக்கு யாரும் காசு கொடுக்கலை. எல்லா வேலையும் அப்படிச் செய்ய முடியாது, எனக்கும் வாடகை இருக்கு. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

சரி, மெயிலில் கேட்டதுக்கு வர்றேன். கேமரா எது இருந்தாலும் போதும், நல்ல போன்கூடப் போதும். முதல் காசை மைக்குக்குச் செலவழியுங்க, ஒரு காலர் மைக், ஒரு நல்ல ஹெட்போன். படம் கொஞ்சம் ஆடினால் மன்னிப்பாங்க, குரல் கேட்கலைன்னா அணைச்சிடுவாங்க. உட்கார்ந்திருக்கிறவரை எடுக்கும்போது நீங்களும் உட்காருங்க. பணம் எவ்வளவு கேட்கிறது என்றால், ஷூட் நாள், எடிட் நாள், திரும்பப் போய்க் காட்டுகிற நாள், மூணையும் தனித்தனியாக எழுதிக் கொடுங்க. ஒப்பந்தத்தில் இரண்டு வரி கேட்டு வாங்குங்க: படத்தில் இருப்பவர் வேண்டாம் என்றால் இத்தனை நாளில் இறக்கப்படும், ரஷ் நிதி திரட்ட வேறு எதற்கும் போகாது. முதல் தடவை கேட்கும்போது கொஞ்சம் முறைப்பாங்க. பெரும்பாலும் ஒத்துக்குவாங்க, ஏன்னா இதுவரை அவங்களை யாரும் கேட்டதில்லை.

பாப்பா இப்போ ஒன்பதாவது. வேற பள்ளிக்கூடம், விடுதியில் தங்கிப் படிக்குது. போன மாசம் அந்தப் பக்கம் போனபோது லீவுக்கு வந்திருந்தது. நான் வண்டியை நிறுத்தினதும் என் தோளில் இருக்கிற பையைப் பார்த்தது, எழுந்து உள்ளே போயிடுச்சு. பையில் அன்று கேமராவே இல்லை, சார்ஜரும் இரண்டு சட்டையும்தான். "அது அப்படித்தான் சார், நீங்க உக்காருங்க" என்று அந்த அம்மா பாய் போட்டாங்க. டீ குடிச்சேன். கிளம்புற வரைக்கும் பாப்பா வெளியே வரலை.

அடுத்த எபிசோடில் ஒலிப்பதிவு செய்கிற நண்பர் ஒருவர் வருகிறார், மீன் மார்க்கெட்டில் எப்படி ஒரு குரலைத் தனியாகப் பிடிப்பது என்று பேசப்போகிறோம். கேள்விகள் இருந்தால் வழக்கம்போல மெயில் பண்ணுங்க.